தறி மேல் போட்ட பழி

ஆரணியில் யாராவது ‘கை வலிக்குது’ என்றால் எதிரில் இருப்பவர் காரணம் கேட்கவே மாட்டார். ‘தறி’ என்பார். முட்டி வலியா? தறி. முதுகு? சந்தேகமே வேண்டாம், தறி. எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்குப் பல்வலி வந்தபோது, நாடா ஓடுகிற அதிர்ச்சி ஈறு வரை ஏறிவிட்டது என்று ஒருவர் விளக்கம் கொடுத்தார். பெரியவரும் நம்பினார்.

முழுத் தப்பு என்றும் சொல்ல முடியாது. குழித்தறி பார்க்காத சென்னைவாசிகளுக்காக: வீட்டுக் கூடத்திலேயே ஒரு பள்ளம். விளிம்பில் உட்கார வேண்டும். கால்கள் பள்ளத்துக்குள் மிதியை மாற்றி மாற்றி அமுக்கும். ஒரு கை கயிற்றை இழுத்து நாடாவை ஓடவிடும். மறு கை பலகையை இழுத்து அடிக்கும். ஒரு பட்டுச் சேலைக்கு இப்படி எத்தனை ஆயிரம் தரம் என்று எண்ணினால் நமக்கே கை வலிக்கும். ஆகவே ஊரில் வலி என்பது சம்பளத்தோடு சேர்ந்து வருகிற அலவன்ஸ்.

இந்தப் பழக்கத்தில்தான் என் அக்காவின் பதினாலு மாதம் போச்சு.

அக்காவும் மாமாவும் சேர்ந்து தறி போட்டிருக்கிறார்கள். அடியேன் பி.காம். படித்துவிட்டு, எந்தத் தறியிலும் உட்காராமல், சென்னையில் பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கிறவன். மூன்று வருஷம் முன்னால் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வாசலில் கோலம் இல்லை. ‘என்னக்கா, பொங்கலன்னிக்கே ஸ்ட்ரைக்கா?’ என்றேன். அவள் அடுப்படியில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

‘காலையில விரல் மடங்க மாட்டேங்குதுடா தம்பி. மாவுக்கட்டு போட்ட மாதிரி இருக்கும். ஒம்பது பத்து மணிக்கு மேல சரியாயிடும்.’

‘தறி’ என்றார் மாமா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

நானும் தலையாட்டினேன். எழுதப் படிக்கத் தெரிந்த நான்! ஒன்பது மணி வரை தறியில் கை வைக்காதபோது வலி, மத்தியானம் நெய்கிறபோது தேவலை என்றால் தறி எப்படிக் குற்றவாளியாகும்? சம்பவ இடத்திலேயே இல்லாத ஆசாமி மேல் கேஸ் போட்டிருக்கிறோம்.

முதலில் ஒரு டாக்டரிடம் போனாள். ஊர், பேர் வேண்டாம். ரத்தத்தில் ‘ஆர்.ஏ. ஃபேக்டர்’ பார்த்தார். நெகட்டிவ். ‘வாதமெல்லாம் ஒண்ணும் இல்லை, தறி வேலையைக் குறைச்சுக்குங்க’ என்று வலி மாத்திரை எழுதினார். நெசவாளியிடம் தறியைக் குறை என்பது எழுத்தாளனிடம் பேனாவைக் குறை என்பது மாதிரி. மற்றவர்களுக்கு நிம்மதி, அவனுக்குப் பட்டினி.

அப்புறம் யாரோ சொல்லி, எங்கிருந்தோ ஒரு பொடி வந்தது. லேபிள் கிடையாது. மூலிகை என்றார்கள். நாலாம் நாள் வலி போயே போச்சு! அக்கா மறுபடி கோலம் போட்டாள். முகம் நிலா மாதிரி உருண்டது. ‘புருஷன் நல்லா கவனிக்கிறார்’ என்று தெருப் பெண்கள் மெச்சினார்கள். மாமா கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியும் நடந்தார். மூன்றாம் மாதம் பொடி வருவது நின்றது. நின்ற வாரமே அக்கா படுக்கையில் விழுந்தாள். ரத்தத்தில் சர்க்கரை புதிதாகக் குடியேறியிருந்தது. பிற்பாடு கேட்ட டாக்டர் எல்லாரும் ஒரே வார்த்தை சொன்னார்கள்: ‘ஸ்டீராய்டு கலந்திருப்பான்.’

ஸ்டீராய்டு கெட்ட மருந்து என்று சொல்ல வரவில்லை. இந்த வியாதியில் டாக்டர்களே கொடுப்பதுண்டு. சின்ன அளவில், கொஞ்ச நாளைக்கு, படிப்படியாகக் குறைத்து. எவ்வளவு சாப்பிடுகிறோம் என்று தெரியாமல் சாப்பிட்டு, திடீரென்று நிறுத்துவதுதான் வினை. எலும்பு தேயும், கண்ணில் புரை விழும், சர்க்கரை ஏறும். சட்டென்று நிறுத்தினால் சில சமயம் உயிருக்கே ஆபத்து.

*

அக்காவுக்கு வந்தது ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ். தமிழில் முடக்குவாதம். கம்பெனி வாசலில் நிற்கிற செக்யூரிட்டி, திருடனை விட்டுவிட்டு முதலாளியையே மடக்கி அடித்தால் எப்படி? உடம்பின் எதிர்ப்புச் சக்தி மூட்டுகளின் உள்சவ்வைப் பிடித்து அந்த மாதிரிச் சாத்துகிறது. சவ்வு வீங்கும், பிறகு எலும்பை அரிக்கும். அரித்தது அரித்ததுதான், ரீஃபண்டு கிடையாது. அதுவும் முதல் இரண்டு வருஷத்திலேயே பெரும் சேதம் நடந்துவிடும் என்பதால்தான் அந்தப் பதினாலு மாதத்தை நினைத்து நான் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

தறி வலிக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க எம்.பி.பி.எஸ். வேண்டாம். உழைப்பால் வந்த வலி உழைத்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும், காலை விறைப்பு அரை மணிக்குள் விட்டுவிடும். இது நேர் எதிர். ராத்திரி ஓய்வுக்குப் பிறகு மோசம், விறைப்பு ஒரு மணி நேரம், அதற்கு மேலும் நீடிக்கும். நடமாட நடமாட இளகும். விரல்களின் அடி மூட்டும் நடு மூட்டும் மணிக்கட்டும் இரண்டு கையிலும் ஏறக்குறைய ஜோடியாக வீங்கும். ஒருத்தரோடு கை குலுக்கும்போது ‘ஆ’ என்றால் யோசிக்க வேண்டும்.

அந்த ‘நெகட்டிவ்’ சமாசாரம்? ஆர்.ஏ. ஃபேக்டர் என்பது இந்த நோயாளிகளில் நூற்றுக்கு எழுபது எண்பது பேருக்குத்தான் பாஸிட்டிவாக வரும். மிச்சப் பேருக்கு வராது. நோயே இல்லாத தாத்தாக்கள் சிலருக்கு வரவும் செய்யும். ஆன்ட்டி சி.சி.பி. என்று இன்னொரு டெஸ்ட் இருக்கிறது. அது பாஸிட்டிவ் என்றால் சாட்சி இன்னும் பலம். ஆனால் அதுவும் எல்லாருக்கும் வருவதில்லை. வவுச்சர் இல்லை என்பதற்காகச் செலவே நடக்கவில்லை என்று எழுதுகிற ஆடிட்டரை நான் பார்த்ததில்லை.

*

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ரூமடாலஜி பிரிவுக்குப் போனோம். ஆரணிக்காரர்களுக்கு இதில் அதிர்ஷ்டம்தான். நாற்பது கிலோமீட்டர் சொச்சத்தில் வேலூர் சி.எம்.சி., மூன்றரை நாலு மணி பஸ்ஸில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. இரண்டிலும் இதற்கென்றே துறை இருக்கிறது. நாங்கள் போன இடம் எது என்பது இங்கே முக்கியமில்லை.

டாக்டரம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். ரிப்போர்ட் ஃபைலை நான் நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்தார். ஒவ்வொரு மூட்டாகத் தன் கட்டைவிரலால் அமுக்கினார். தன் நகம் வெளுக்கிற அளவுக்கு அமுக்க வேண்டுமாம், அதுதான் அளவுகோல். ‘வலிக்குதா... இங்கே... இங்கே?’ பக்கத்தில் ஒரு ஜூனியர் காகிதத்தில் பொம்மை உருவம் போட்டுப் புள்ளி வைத்துக்கொண்டே வந்தான். எனக்குச் சிலிர்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது ஸ்டாக் டேக்கிங்!

மொத்தம் 28 மூட்டு. தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, விரல்களின் அடி மூட்டு 10, அடுத்த மூட்டு 10, முழங்கால் 2. கூட்டிப் பாருங்கள், டேலி ஆகும். எத்தனை வலிக்கிறது என்று ஓர் எண், எத்தனை வீங்கியிருக்கிறது என்று ஓர் எண். மூன்றாவது ஈ.எஸ்.ஆர். ரத்தத்தைக் குழாயில் செங்குத்தாக நிறுத்தினால் சிவப்பணு ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்குகிறது என்ற கணக்கு. உடம்பில் அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். (ரத்த சோகை இருந்தாலும், சாதாரணக் கிருமித் தொற்று இருந்தாலும் இறங்கும். எந்த சாட்சியையும் முழுசாக நம்பக் கூடாது.) நாலாவதுதான் வேடிக்கை: நோயாளியே போடுகிற மார்க். 0 என்றால் ரொம்ப சௌக்கியம், 100 என்றால் தாங்கவே முடியவில்லை.

நாலையும் ஒரு ஃபார்முலாவில் போடுகிறார்கள். இரண்டு வர்க்கமூலம், ஒரு லாகரிதம். பேர் ‘டாஸ் 28’. நெதர்லாந்தில் நைமேகன் என்ற ஊர் ஆராய்ச்சியாளர்கள் 1995-ல் வெளியிட்டது. விடை 5.1-க்கு மேல் என்றால் நோய் உக்கிரம். 3.2-க்கும் 5.1-க்கும் நடுவில் மிதம். 3.2-க்குள் குறைவு. 2.6-க்குக் கீழே போய்விட்டால் நோய் அடங்கிவிட்டது என்று அர்த்தம்.

அக்காவுக்கு வலி 12 மூட்டு, வீக்கம் 8, ஈ.எஸ்.ஆர். 64. மார்க் எவ்வளவு என்று கேட்டார்கள்.

‘பரவாயில்லீங்க... முப்பது போட்டுக்குங்க’ என்றாள், ஏதோ பூ வாங்கப் பேரம் பேசுகிற மாதிரி.

மாமாவுக்குப் பொறுக்கவில்லை. ‘எழுபது போடுங்கம்மா! ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. இங்க வந்து நல்ல பேரு வாங்கறா!’

அக்கா முறைத்தாள். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ‘இது அவங்க மார்க், சார்’ என்று முப்பதே எழுதினார். 6.06 வந்தது. (மாமா மார்க் போட்டிருந்தால் 6.62.) எப்படியும் உக்கிரம்தான்.

கால்குலேட்டரைப் பார்த்தால் அலர்ஜி என்பவர்களுக்கு இன்னொரு முறை இருக்கிறது, ‘ஸி.டி.ஏ.ஐ.’ வர்க்கமூலம் வேண்டாம், ரத்தம்கூட வேண்டாம். வலிக்கிற மூட்டு, வீங்கிய மூட்டு, நோயாளி மார்க் பத்துக்கு, டாக்டர் மார்க் பத்துக்கு. நாலையும் வெறுமனே கூட்டினால் போதும். 2.8-க்குள் வந்தால் அடங்கிவிட்டது, 22-க்கு மேல் போனால் உக்கிரம். லாப் வசதி இல்லாத ஊர் கிளினிக்கிலும் இரண்டு நிமிஷத்தில் முடியும்.

எதற்கு இத்தனை கணக்கு? ‘எப்படி இருக்கே?’ ‘பரவாயில்லை.’ இந்த உரையாடலை நம்பித்தான் முன்பு வைத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. நம் ஊர்ப் பெண்களுக்குக் கை ஒடிந்து தொங்கினாலும் ‘பரவாயில்லை’தான். இப்போது ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எண்ணிப் பார்க்கிறார்கள். மூன்று மாதத்தில் எண் இறங்கவே இல்லை, அல்லது ஆறு மாதத்தில் குறித்த இடத்துக்கு வரவில்லை என்றால் மருந்தை மாற்றுகிறார்கள். டார்கெட் வைத்து விரட்டுகிறார்கள். ஆபீஸில் நம்மை விரட்டுகிற மாதிரியேதான். ஒரே வித்தியாசம், இதில் நிஜமாகவே பலன் இருக்கிறது.

*

மருந்து மெத்தோட்ரெக்ஸேட். இதன் பூர்வீகத்தில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. எல்லாப்ரகட சுப்பாராவ், 1895-ல் ஆந்திராவின் பீமவரத்தில் பிறந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படித்தார். காந்தி சொன்னார் என்று ஆபரேஷன் தியேட்டரிலும் கதர் அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஒரு படி கீழான எல்.எம்.எஸ். கொடுத்து அனுப்பினார்கள். அவர் அமெரிக்கா போய், லெடர்லே கம்பெனி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரானார். அவர் குழு உண்டாக்கிய மருந்துகளில் ஒன்று, புற்றுநோய்க்கென்று வந்த இந்த மெத்தோட்ரெக்ஸேட். 1948-ல் அவர் காலமாகி நாற்பது வருஷம் கழித்து, 1988-ல்தான் இதை மூட்டு நோய்க்கு அமெரிக்க அரசு அங்கீகரித்தது. ஒரு மாத மாத்திரைச் செலவு ஆற்காட்டுப் பக்கம் ஒரு பிளேட் பிரியாணியைத் தாண்டாது.

ஒரே ஒரு கண்டிஷன். வாரம் ஒரு நாள். வாரத்துக்கு ஒரே ஒரு நாள்!

‘தினமும் சாப்ட்டா ஏழு மடங்கு சீக்கிரம் குணமாகாதா?’ என்று மாமா பஸ்ஸில் சந்தேகம் கேட்டார். சிரிக்காதீர்கள். இந்த மாத்திரையைத் தவறிப்போய் தினமும் சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் விழுந்து, செத்துப் போனவர்கள் உலகம் பூராவும் உண்டு. தப்பு சீட்டில் நடக்கலாம், மருந்துக் கடையில் நடக்கலாம், வீட்டில் நடக்கலாம். அக்கா தினசரி காலண்டரை எடுத்து ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் சிவப்பு மையால் வட்டம் போட்டுவிட்டாள். மறுநாள் ஃபோலிக் ஆசிட், அதற்குப் பச்சை. நெசவுக் குடும்பம், கலர் காம்பினேஷனில் குறை வைக்க மாட்டார்கள். இடையிடையே ரத்த அணு, ஈரல் டெஸ்ட். கர்ப்பமாகிற உத்தேசம் இருந்தால் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். இந்த மாத்திரை சாப்பிடுகிற ஆண்களுக்கு ஒரு வார்த்தை: சாயங்கால ‘சமாசாரம்’ ஈரலுக்குச் சேராது.

கூடவே ஹைட்ராக்ஸிகுளோரோகுவின். பேர் கேட்ட மாதிரி இருக்கிறதா? 2020-ல் கொரோனாவுக்கு இதுதான் அமிர்தம் என்று ஊரே வாங்கிப் பதுக்கியதே, அதேதான். கொரோனாவுக்கு உதவவில்லை என்று சோதனைகளில் தெரிந்தது. நிஜமாகத் தேவைப்பட்ட மூட்டு நோயாளிகள் அந்தச் சமயத்தில் கடை கடையாக அலைந்தார்கள். இதைப் பல வருஷம் சாப்பிட்டால் கண்ணின் விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் டாக்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

*

ஆறு மாதம் கழித்து ரிவ்யூ. அக்கா கோலம் போடுகிறாள், அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிறாள். பட்டு இழைக்கு முடிச்சுப் போடுவது என்பது ஓர் எறும்புக்கு டை கட்டிவிடுகிற வேலை. விரல் சரியாக இல்லாவிட்டால் நடக்காது. எனக்கு ஒரே சந்தோஷம். வலி 1 மூட்டு. வீக்கம் பூஜ்யம். ஈ.எஸ்.ஆர். 14. மார்க்?

‘பத்து.’

போனிலேயே நான் கணக்குப் போட்டேன். 2.55! 0.05-ல் பாஸ். ‘அக்கா, அடங்கிடுச்சு!’ என்று கத்தியேவிட்டேன். வராந்தாவில் இருந்த நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

டாக்டரம்மா கத்தவில்லை. அக்கா உள்ளே வந்தபோது நடந்த நடையை அவர் பார்த்திருக்கிறார். நான் பார்க்கவில்லை. ‘செருப்பைக் கழட்டுங்கம்மா’ என்றார். குனிந்து, பாதத்தின் முன்பக்கத்தைக் குறுக்காக ஒரு பிடி பிடித்தார்.

அக்கா ‘அம்மா!’ என்று எழுந்தே விட்டாள்.

இரண்டு பாதத்திலும் விரல்களின் அடி மூட்டுகள் வீங்கியிருந்தன. அந்த 28-ஐ மறுபடி பாருங்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், முழங்கால். கணுக்கால் எங்கே? பாதம் எங்கே? பட்டியலிலேயே இல்லை! 1990-ல் வந்த பழைய முறையில் 44 மூட்டு பார்த்தார்கள், பாதமும் அதில் உண்டு. நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக அதைச் சுருக்கியபோது பாதம் விழுந்துவிட்டது. நெதர்லாந்து இத்தனைக்கும் சைக்கிள் மிதிக்கிற தேசம். காலை விட்டுவிட்டார்கள். தறிக்குழிக்குள் எட்டு மணி நேரம் மிதி அமுக்குகிற ஒரு பெண்ணுக்கு இந்த ஸ்கோர் பாஸ் மார்க் போடும், அவளால் மிதிக்க முடியாது.

‘ஏம்மா சொல்லலை?’

‘கையைத்தானே காட்ட வந்தோம்... கால் வலி தறியாலன்னு நெனச்சேன்.’

மறுபடியும் தறி.

‘இப்ப நிஜமா மார்க் போடுங்க. காலையும் சேர்த்து.’

அக்கா என்னைப் பார்த்தாள். மாமாவைப் பார்த்தாள். நாற்பது என்றாள். 2.97. நோய் அடங்கவில்லை, குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ‘பரவாயில்லை’க்கு விலை 0.42. பாதம் அதிலும் எண்ணப்படவில்லை, மார்க் வழியாகத்தான் எட்டிப் பார்த்தது. டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து மருந்தைக் கூட்டினார்.

அதோடு விடவும் இல்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, கண் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறதா, விரல் நுனி மரத்துப்போகிறதா என்று சம்பந்தமில்லாத மாதிரிக் கேட்டுக்கொண்டே போனார். எல்லாம் சம்பந்தம் உள்ளதுதான். மூட்டு என்பது இந்த நோயின் ஹெட் ஆபீஸ் மட்டும்தான், கிளைகள் வேறு இடங்களில். நுரையீரலில் தழும்பு விழலாம். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்தால், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூ பட்டையைப் பிரிக்கிற சத்தம் கேட்குமாம். கண்ணின் வெண்படலம் அழற்சியாகிச் சிவக்கலாம். மாரடைப்பு வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று ஐரோப்பிய ரூமடாலஜி சங்கமே கணக்கில் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. பல வருஷம் அடங்காத நோயில் கழுத்தின் மேல் எலும்புகள் தளர்ந்திருக்கலாம். ஏதாவது ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் ‘எனக்கு முடக்குவாதம்’ என்று முதலில் சொல்லிவிட வேண்டும். இத்தனைக்கும் டாஸ் 28-ல் ஒரு காலம்கூடக் கிடையாது. ஸ்கோர் 2 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே நுரையீரல் தன் பாட்டுக்குச் சேதமாகலாம்.

இதே குடும்பத்தில் லூபஸ் என்று ஒரு நோய், பெரும்பாலும் இளம் பெண்களுக்கு. அதை அளக்கிற பட்டியலில் 24 ஐட்டம். வலிப்பு வந்தால் 8 மார்க், மூட்டு வீக்கம் 4, முடி கொட்டினால் 2, காய்ச்சல் 1. சிறுநீரில் புரதம் போனால் 4. இந்தக் கடைசி ஐட்டம்தான் கள்ளன். வலிக்காது, எரியாது, கிட்னி சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கும். சாதாரண யூரின் டெஸ்ட்டில் மாட்டும்.

*

‘பொம்பளைங்க நோய், நமக்கென்ன’ என்று பக்கத்தைப் புரட்டப் போகிற இளைஞரே, ஒரு நிமிஷம். முடக்குவாதம் பெண்களுக்குத்தான் இரண்டு மூன்று மடங்கு அதிகம், வாஸ்தவம். ஆனால் 1967-ல் உலகின் முதல் இதய மாற்று ஆபரேஷன் செய்த டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்ட் ஆண்பிள்ளைதான். கைக்கு வந்த இந்த வாதத்தால் 1983-ல் கத்தியைக் கீழே வைத்தார். சிகரெட் இந்த நோயை வரவழைக்கிற காரணங்களில் ஒன்று என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கிறேன். நெருப்புப் பெட்டியை உள்ளே வையுங்கள்.

உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. என் நண்பன் ஒருவன், ஆபீஸில் கம்ப்யூட்டர் முன் உட்காருகிறவன். இருபத்தெட்டு வயசில் இடுப்பு வலி. ‘சேர் சரியில்லை’ என்றான். எங்கள் ஊரில் தறி, உங்கள் ஊரில் சேர்! நாலாயிரம் ரூபாய் கொடுத்துச் சுழல்நாற்காலி வாங்கினான். வலி போகவில்லை. நாற்காலியும் கிறீச்சிட ஆரம்பித்தது. விடியற்காலை மூன்று மணிக்கு வலி எழுப்பிவிடும். எழுந்து ஹாலில் நடந்தால் குறையும். ஞாயிற்றுக்கிழமை படுத்தே கிடந்தால் கூடும். ஒரு நாள் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியாமல் கண் டாக்டரிடம் போனான். அவர்தான் ‘முதுகு வலிக்குமா?’ என்று கேட்டார். ஆன்கிலோஸிங் ஸ்பான்டிலைட்டிஸ். விட்டுவைத்தால் முதுகெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி மூங்கில் கழி மாதிரி ஆகிவிடும். பெரும்பாலும் நாற்பத்தைந்து வயசுக்குள் ஆரம்பிக்கும், ஆண்களுக்கு அதிகம்.

இதற்கும் கணக்கு உண்டு. இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் 1994-ல் உண்டாக்கிய ஆறு கேள்வி, பத்துக்கு மார்க். களைப்பு, முதுகு வலி, மற்ற மூட்டு வலி, தொட்டால் வலிக்கிற இடம், காலை விறைப்பு எவ்வளவு, எவ்வளவு நேரம். 4-ம் அதற்கு மேலும் வந்தால் நோய் சுறுசுறுப்பாக இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் முதுகு வலி, ஓய்வில் கூடுகிறது, நடந்தால் குறைகிறது என்றால் கடைக்குப் போய் நாற்காலி பார்ப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். ஹெச்.எல்.ஏ. பி27 டெஸ்ட் பாஸிட்டிவ் என்று வந்தால் மட்டும் அலறவும் வேண்டாம். அது இருக்கிற பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

*

ஒரு சின்னக் கணக்கு. 1993-ல் டெல்லிப் பக்கத்துக் கிராமங்களில் எண்ணியபோது பெரியவர்களில் நூற்றுக்கு முக்கால் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. 1996-ல் புனே அருகே பிக்வான் கிராமத்தில் எண்ண ஆரம்பித்ததில் சுமார் அரைப் பேர். 2011 சென்சஸில் ஆரணி நகரம் அறுபத்து மூவாயிரம் சொச்சம். பிள்ளைகளைக் கழித்து, அரை, முக்கால் என்று போட்டால் ஆரணிக்குள் மட்டும் இருநூறிலிருந்து முன்னூறு சொச்சம் பேர். சேவூர், ஒண்ணுபுரம் என்று சுற்று ஊர்த் தறிகளைச் சேர்க்கவில்லை. இதில் எத்தனை பேர் இப்போது வெந்நீரில் கையை விட்டுக்கொண்டு தறியைத் திட்டிக்கொண்டிருக்கிறார்களோ. 2006-ல் சிக்குன்குனியா வந்தபோது ஊரே நொண்டியது. அதற்குப் பிறகு கொஞ்ச வருஷம் தறியோடு கொசுவும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. அந்தச் சந்தடியிலும் சில நிஜ முடக்குவாதம் கவனிக்கப்படாமல் போயிருக்கும்.

போன மாதம் ஊருக்குப் போனேன். அக்காவின் வலது கை நடுவிரல் லேசாகக் கோணியிருக்கிறது. அது அந்தப் பதினாலு மாதத்தின் பாக்கி, இனி நேராகாது. சர்க்கரை மாத்திரை தொடர்கிறது. மத்தபடி அரை நாள் தறி, மீதி நேரம் தார் சுற்றுகிறாள். பாவில் இன்னும் ஒரு சேலை பாக்கி. அரக்கு உடம்பு, பச்சை பார்டர்.

‘இப்ப எவ்ளோ மார்க் போடற?’ என்றேன்.

‘பதினஞ்சு. கால் பத்து, கை அஞ்சு’ என்றாள். தனித்தனியாகக் கணக்கு எழுத ஆரம்பித்துவிட்டாள். ‘எங்க, கையக் கொடு’ என்று என் விரல்களைச் சேர்த்துப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

‘ஆ!’ என்றேன்.

‘ஏங்க, இவனுக்கு ஒண்ணு எழுதிக்குங்க’ என்றாள், உள்ளே இருந்த மாமாவைப் பார்த்து.

‘பேனா’ என்றார் மாமா, பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.